பழைய வண்டிக்குப் புதுப் பூச்சு வேண்டுமா?

மின்னுவதெல்லாம் பொன்னன்று என்பது நாம் சிறு வகுப்பிலேயே கேட்ட பழமொழி. மின்னாததெல்லாம் குப்பையன்று என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். எதற்கு இந்தப் பீடிகை என்கிறீர்களா? பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்து வெளியே வரும் பழைய இராணுவ மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

"இது ஆண் பிள்ளைகள் விஷயம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழியரே! இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடற்படைப் பெண்கள் பிரிவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய இளம் பெண்கள் இருந்தார்கள். குண்டு விழும் நாள்களிலும் அவர்கள் இராணுவக் கடிதங்களைக் கொண்டு சேர்த்தார்கள். ஆகவே இது நம் விஷயமும்தான்.

நம் வேலூர், திருப்பத்தூர் வட்டாரம் படைவீரர்களை ஈன்ற மண். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு 'இராணுவப்பேட்டை' என்றே ஒரு பெயர் வழங்குகிறது. படையில் உழைத்து ஓய்ந்த வண்டிகளை இராணுவம் ஏலத்தில் விற்பது வழக்கம். 'மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது' என்று பெருமையாகச் சொல்லப்படும் புல்லட் வண்டிகள் அப்படி ஊருக்குள் வந்தவையே.

இந்தப் புல்லட்டின் கதை நம் மாநிலத்தின் கதையும் ஆகும். 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் நாடு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவை இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரிலிருந்து வந்தன. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அந்த ஆங்கிலக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. தாய்வீடு மூடிய பிறகும் மகள் வீட்டில் விளக்கு எரிந்தது!

அத்தகைய வண்டி ஒன்று தூசியோடு வெளியே வந்தால் என்ன செய்கிறோம்? உடனே பழைய பெயிண்டைச் சுரண்டி, டேங்கிற்குப் பளபளப்பான வண்ணம் அடித்து, கைப்பிடி முதல் சைலன்சர் வரை குரோமியம் பூசி, தங்கக் கோடும் இழுத்துவிடுகிறோம். பார்ப்பவர்கள் "அடடா, புதுசு போலவே இருக்கிறதே!" என்கிறார்கள். அந்தப் பாராட்டிலேதான் குற்றம் இருக்கிறது என்பேன்.

முதலாவது, அது பொய்க்கோலம். இராணுவ வண்டிக்கு மங்கலான பச்சை நிறம் ஏன்? வெயிலில் பளிச்சிட்டு எதிரியின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான். ஒளிந்து வாழ்ந்த வண்டிக்கு மின்னும் நகை பூட்டினால், அது தன் வேலையையே மறுத்ததாகிவிடாதா?

இரண்டாவது, பூச்சைச் சுரண்டும்போது சாட்சியும் போய்விடுகிறது. இராணுவ வண்டியின் எண்ணில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும். இன்றைய முறையில் அதை அடுத்து வரும் இரண்டு எண்கள் வண்டி படையில் சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். இப்படி எழுதியதைத் தேய்த்து எடுத்துவிட்டால் வண்டியின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்ததற்குச் சமம். தேய்ந்த கால்மிதியும் நெளிந்த மட்கார்டும்கூட யாரோ ஒருவர் ஓட்டினார் என்று சொல்கின்றன. அந்தச் சிப்பாயின் பெயர் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கு இருக்கும் ஏடு இந்தத் தேய்மானம் ஒன்றுதான்.

நம் ஜவ்வாது மலையிலும் செங்கம் வட்டாரத்திலும் வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் நிறைய உண்டு. செங்கம் நடுகற்களைப் பற்றித் தமிழக அரசின் தொல்லியல் துறை 1972-இல் நூலே வெளியிட்டது. எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு 'கோவிவன்' என்ற நாயும் இடம்பெற்றிருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அந்தக் கல்லை யாரும் இழைத்துப் புதுசாக்கவில்லை என்பதுதான் காரணம். மாறாக, சில கோயில்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகளே தேய்ந்துபோயின. பின்னர் அம்முறைக்குத் தடை வந்தது. கல்லுக்கு ஒரு நியாயம், இரும்புக்கு ஒரு நியாயமா?

"அப்படியே விட்டால் துரு தின்றுவிடுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அப்படியே போட்டுவைக்கச் சொல்லவில்லை. பக்குவமாகக் காப்பாற்றத்தான் சொல்கிறேன். முதலில் தூசியைத் துடைக்கும் முன்பே நாலாபுறமும் புகைப்படம் எடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிக்கரை உதைக்கக் கூடாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையங்கள் துருவேறி ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிறகு மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்கிலும் கார்புரேட்டரிலும் பிசினாய் உறைந்த பழைய பெட்ரோலைக் கழுவ வேண்டும். துருவின்மேல் எண்ணெய் தடவினால் அது மேலும் பரவாது.

சாலையில் ஓட்டுவதானால் டயர், பிரேக், கேபிள், மின்கம்பி ஆகியவற்றைப் புதிதாக மாற்றத்தான் வேண்டும். உயிரைவிடப் பழமை பெரிதன்று. ஆனால் கழற்றிய உறுப்புகளைக் காயலான் கடைக்குப் போடாமல், சீட்டு எழுதி ஒரு பெட்டியில் வைக்கலாமே! வண்ணத்தை மட்டும் தொடாதிருந்தால் போதும். புதுப் பெயிண்டை எந்த நாளிலும் அடிக்கலாம். போன பழைய பெயிண்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தோழியரே! உங்கள் தாத்தாவோ மாமாவோ அப்படியொரு வண்டியை வெளியே எடுத்தால், பெயிண்ட் டப்பா வருமுன் நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் நில்லுங்கள். எந்த ஏலம், எந்த ஆண்டு, யார் ஓட்டியது என்று கேட்டு எழுதுங்கள். வயதானவர் முகத்துச் சுருக்கத்தை நாம் அழிக்க நினைப்பதில்லை. அருகில் அமர்ந்து கதை கேட்கிறோம். உழைத்த இரும்புக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ஆலங்காயம்