கடைக்கு ஒரு கேமரா: வாங்குமுன் யோசிப்போம்



சேந்தமங்கலம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மிடையே இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, படமும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே அது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் தினசரிக் காலண்டர் அச்சடிக்கும்போதுதான் கடைக்குப் படம் தேவைப்படும். ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். இன்று கொல்லிமலையிலிருந்து இறங்கும் மிளகையும், காப்பிக் கொட்டையையும், தேனையும், சாமை தினையையும் வெளியூர் வாடிக்கையாளர் கையில் அள்ளிப் பார்த்து வாங்குவதில்லை. "வாட்ஸ்அப்பில் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. இணக்க வரி முறையில் இருக்கும் சிறு வணிகர்கள் இணைய விற்பனைத் தளங்கள் வழியாகப் பொருள் விற்க முன்பு அனுமதி இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் நம் மாநிலத்துக்குள் அவ்வாறு விற்கலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். வழி திறந்ததும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது கேமராதான். "டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கிவிட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும்" என்கிறார்கள். கேமராக் கடையில் தவணையும் தருகிறார்கள். இந்த இடத்தில்தான் நாம் சற்று நின்று கணக்குப் போட வேண்டும் என்பது நமது கருத்து.

நாங்கள் பட்ட பாடு

நாங்கள் அண்ணன் தம்பியாக மளிகையும் மலைச் சரக்கும் வியாபாரம் செய்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஒரு கடையில் கேமரா வாங்கினோம். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்றார்கள். குறைந்தது உண்மைதான். ஆனால் ஆறு மாதத்தில் லென்ஸ் கோளாறு ஆனபோது, பில் இல்லாததால் உத்தரவாதமும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். நூற்றுக்கு அரை ரூபாய் லாபத்துக்காக மண்டியில் மணிக்கணக்கில் பேரம் பேசும் நாங்கள், சிட்டை இல்லாமல் சரக்கு எடுத்தோம். யாரைக் குற்றம் சொல்வது?

இதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் உண்டு. கேமராவில் எடுத்த மிளகுப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கருகருவென்று பளபளக்கச் செய்தோம். படத்தைப் பார்த்து ஒருவர் ஐந்து கிலோ கேட்டார், அனுப்பினோம். "படத்தில் பார்த்த மிளகு இது இல்லையே" என்று பார்சல் திரும்பி வந்தது. போக வர அனுப்பிய செலவும் எங்கள் தலையில் விழுந்தது. சரக்கு நல்ல சரக்குதான். படம்தான் பொய் சொல்லிவிட்டது. அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை. அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

லென்ஸும் சேர்ந்து ஒரு கேமரா நாற்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மளிகையில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 5 ரூபாய் கையில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பணத்தை மீட்க 8 லட்சம் ரூபாய்க்குக் கூடுதலாக வியாபாரம் நடக்க வேண்டும். தெருவில் உள்ள நூறு வீட்டுக்கு அரிசி பருப்பு கொடுக்கும் கடைக்குப் படத்தால் மட்டும் இவ்வளவு கூடுதல் வியாபாரம் வராது. அவருக்குக் கையில் இருக்கும் போனே போதும்.

போன் போதும் என்று நாம் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. போனின் சென்சார் சிறியது. அதனால் அருகில் உள்ளதும் சற்றுத் தள்ளி உள்ளதும் ஒருசேரத் தெளிவாக விழும். பாக்கெட்டை நேராக நிற்கவைத்து எடுக்கும் படத்துக்கு அதுவே வசதி. நம் படங்கள் கெடுவதற்குப் பெரும்பாலும் வெளிச்சமே காரணம். கடைக்குள் ஒரு பக்கம் ட்யூப்லைட், மறுபக்கம் மஞ்சள் பல்பு. இந்த இரண்டும் கலந்த வெளிச்சத்தில் மஞ்சள் தூள் பச்சை பாயும், வெள்ளைச் சர்க்கரை பழுப்பாகும். காலை வெயில் நேரே விழாத வராண்டாவில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளை சார்ட் பேப்பர், ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை. இவ்வளவும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் அடங்கும். கேமரா வாங்க நினைப்பவர் முதலில் இதை ஒரு மாதம் செய்து பார்க்கட்டும்.

அப்படியானால் கேமரா யாருக்குத் தேவை? சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு லேபிள் அடிப்பவர்கள், நூற்றுக்கணக்கான சரக்குக்கு விலைப்பட்டியல் புத்தகம் போடும் மொத்த வியாபாரிகள், வாரந்தோறும் வெளியூருக்குப் புதுச் சரக்கு காட்ட வேண்டியவர்கள். இவர்களுக்கு ஒரே வெளிச்சத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் படம் வரவேண்டும். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, அளவுகளைக் கையால் வைத்துவிட்டால் நூறாவது படமும் முதல் படம் போலவே இருக்கும்.

எதை வாங்குவது

டி.எஸ்.எல்.ஆர். என்பது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. லென்ஸ் வழியே வரும் காட்சியை அந்தக் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி எழும்பி, ஒளி சென்சாரில் விழும். இந்த வகையில் புது மாடல்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. நிக்கான் கம்பெனி ஆரம்பநிலைக்காரர்களின் டி3500 கேமராவை 2022-ல் நிறுத்திவிட்டது. பெரிய கம்பெனிகள் கண்ணாடி இல்லாத வகைக்கு மாறிவிட்டன. 2023-ல் வந்த கேனான் ஆர்100 அவ்வகையில் ஆரம்பநிலைக் கேமரா. இதனால் நமக்கு நஷ்டமில்லை. ஃபேஷன் போன சரக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் வேலை அதேதான் செய்யும்.

சந்தையில் அதிகம் கண்ணில் படுபவை மூன்று. கேனான் 1500டி, கேனான் 3000டி, நிக்கான் டி3500. மூன்றும் 2018-ல் வந்தவை. 3000டி விலை குறைவு என்று காட்டுவார்கள். அதில் லென்ஸ் மாட்டும் வளையம் பிளாஸ்டிக், 1500டி-யில் உலோகம். மேலும் கண்வைத்துப் பார்க்கும் இடத்தில் நம் கண் பவருக்குத் தக்கபடி சரிசெய்யும் திருகு 3000டி-யில் கிடையாது. நாற்பது வயதைத் தாண்டிக் கண்ணாடி போட்டிருக்கும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. இந்த இரண்டு கேனானிலும் மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் நடுத் தொடர்பு முனை இல்லை. ஆகவே சாதாரண மலிவு ஃப்ளாஷ் எரியாது. டி3500-ல் அந்தக் குறை இல்லை, பேட்டரியும் நெடுநேரம் நிற்கும். ஆனால் அதில் வைஃபை கிடையாது, ப்ளூடூத் மட்டும்தான். படத்தை உடனே போனுக்கு மாற்றி அனுப்புகிறவர்களுக்குக் கேனான் வசதி. ஆக, முதல் கேமராவுக்கு 1500டி-யையே நாம் சொல்வோம்.

மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம். 4 அங்குலத்துக்கு 6 அங்குல லேபிளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நன்றாக அச்சடிக்க 1,200-க்கு 1,800 புள்ளிகள் தேவை. அதாவது ஏறத்தாழ 22 லட்சம் புள்ளிகள். 1500டி கொடுப்பதோ 2 கோடியே 41 லட்சம். வாட்ஸ்அப் அதையும் சுருக்கித்தான் அனுப்புகிறது. எனவே கூடுதல் மெகாபிக்சலுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல ஸ்டாண்டுக்கும் இரண்டு விளக்குக்கும் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

லென்ஸும் கூடவே வரும் 18-55 மி.மீ. போதும். சரக்குக்கு 25 செ.மீ. வரை நெருங்கி எடுக்கலாம். மிளகு மணி தெரியும். துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்து, ஸ்டாண்டில் பூட்டி, 2 விநாடி டைமரில் எடுத்தால் கை நடுக்கம் படத்தில் ஏறாது. வெள்ளைத் தாளைப் படமெடுத்து, "இதுதான் வெள்ளை" என்று கேமராவுக்குக் காட்டிவிட்டால் நிறம் மாறாது.

பழையது வாங்கினால்

பழைய கேமரா வாங்குவதில் தவறில்லை. பழைய தராசு வாங்கும்போது முத்திரை பார்ப்பதுபோல் இதிலும் பார்த்து வாங்க வேண்டும். கேமராவின் அடியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் திருட்டுச் சரக்காகவும் இருக்கலாம். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். எத்தனை படம் எடுத்த கேமரா என்று கேளுங்கள். நிக்கானில் அந்த எண்ணிக்கை படக் கோப்பிலேயே பதிவாகும். கேனானில் அப்படிச் சுலபமாகத் தெரியாது. சார்ஜரும் பேட்டரியும் கம்பெனியுடையதா என்றும் பாருங்கள்.

வாங்கியபின் ஒரு எச்சரிக்கை. மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் பறக்கும் கடைக்குள் ஒருபோதும் லென்ஸைக் கழற்றாதீர்கள். கழற்றினால் தூசி நேராக சென்சாரில் போய் உட்காரும். கேமராவை அரிசி மூட்டைப் பக்கம் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள்.

பில்லும் நியாயமும்

கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டே பில் வாங்குங்கள். கேமராவுக்கு வரி 18 சதவீதம். 40,000 ரூபாய் பில்லில் சுமார் 6,102 ரூபாய் வரி. சாதாரண முறையில் வரி கட்டுபவர், தொழிலுக்கே பயன்படுத்தினால், இதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அந்த வரித் தொகைக்குத் தேய்மானமும் எழுதக்கூடாது. இணக்க வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே அவர் முழு விலையையும் செலவாகவே நினைத்துக் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது சட்டம். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி, விற்பவர் காட்டும் விளம்பரம் சரக்கின் உண்மைத் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும். பாக்கெட் சரக்கை இணையத்தில் விற்கும்போது எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பவர் பெயர் போன்ற விவரங்களையும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறை. எனவே பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டும் அழகாக எடுத்தால் போதாது. பின்பக்க எழுத்தும் படிக்கும்படி விழ வேண்டும். விற்கப்போகும் மூட்டையிலிருந்தே அள்ளிப் படமெடுங்கள். பொறுக்கி எடுத்த பத்து மணியைப் படம் பிடித்துவிட்டு, மூட்டைச் சரக்கை அனுப்பாதீர்கள். தராசில் விரல் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

சேர்ந்து வாங்கலாமே

முடிவாக ஒரு யோசனை. நம்மில் பலருக்கு மாதத்தில் இரண்டு நாள்தான் கேமரா வேலை இருக்கும். இதற்காக ஆளுக்கொரு கேமரா வாங்கி, ஆளுக்கொரு தவணை கட்டி, மீதி நாளெல்லாம் பீரோவில் பூட்டி வைப்பது வணிகருக்கு அழகல்ல. அந்தக் காலத்தில் பெரியவர்கள் மகமை வசூலித்துக் கோயிலையும் சத்திரத்தையும் நடத்தினார்கள். அதே வழியில் பத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு ஐயாயிரம் போட்டால் ஒரு கேமரா, ஸ்டாண்டு, இரண்டு விளக்கு எல்லாம் வந்துவிடும். கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகளில் படித்த ஒருவரைப் பழக்கிவிட்டால் அவருக்கும் ஒரு வருமானம். முறை போட்டு எடுத்துப்போய்க் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்க ஒரு நோட்டு இருந்தால் போதும், சண்டை வராது.

பெரிய கம்பெனிகள் ஊர் ஊராகக் கிடங்கு போட்டு நம் வாசலுக்கே வந்துவிட்டன. அவர்களிடம் ஆயிரம் கேமரா உண்டு. நம்மிடம் இருப்பது மலையேறிப் போய்ச் சரக்கைக் கையால் பார்த்து வாங்கும் அனுபவமும், தலைமுறையாகச் சேர்த்த நாணயமும். கேமரா அதை ஊருக்குக் காட்டும் கருவியாக இருக்கட்டும். அதையே விழுங்கும் கடனாக ஆகிவிட வேண்டாம். வணிக நண்பர்கள் சிந்திப்பார்களாக!