கருச்சிதைவு அபாயம்: கவனிக்க வேண்டியது தம்பதியர் இருவரின் உடல்நலம்

பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல, வெளிநாட்டு நேரத்துக்கேற்ப இரவிலும் இயங்குகின்றன. அங்கு பணிபுரியும் இளம் தம்பதியர் குழந்தைக்குத் திட்டமிடும்போது பணிநேரத்தையும் கருத்தில் கொள்வது அவசியமாகிறது.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 2.3 கோடி கருச்சிதைவுகள் நிகழ்வதாக 'லான்செட்' மருத்துவ இதழ் 2021-இல் மதிப்பிட்டது. இரவுப் பணி, மன அழுத்தம், புகை, மது, காற்று மாசு, உடல் எடை ஆகியவற்றை அபாயக் காரணிகளாக அது பட்டியலிட்டது. 35 வயதைக் கடந்த பெண்கள் மட்டுமின்றி, 40 வயதைக் கடந்த ஆண்களும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளனர்.

ஆயினும், கரு கலைந்தால் மனைவியை நோக்கியே கேள்விகள் எழுகின்றன. ஆரம்பகாலக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி குரோமோசோம் கோளாறால் நிகழ்பவை. அதற்கு யாரையும் குறைகூற இயலாது.

தவிர்க்கக்கூடியவற்றில் இருவருக்கும் பங்குண்டு. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆவதால், கணவர் 3 மாதங்களுக்கு முன்பே புகையையும் மதுவையும் கைவிடுவது நல்லது. மனைவிக்குச் சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை பரிசோதனைகள் கருத்தரிக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மகப்பேறு நலச் சட்டம், 1961, கருச்சிதைவுக்குப் பின் 6 வாரம் ஊதியத்துடன் விடுப்புக்கு வழிசெய்தது. இழப்புக்கு முன்பே பணிநேரத்தை மாற்றித் தருவது நிறுவனங்களின் கையில் உள்ளது.