டிகோடர் போட்டா வண்டி ஓடிடுமா?

கொஞ்சம் காட்டமான பதிவு மக்கா. முன்னாடியே சொல்லிட்டேன்.

மாடல் ரயில் ஆசாமிகளிடம் ஒரு வியாதி. கைக்கு ஒரு டீசல் இன்ஜின் வந்தா அது எப்படி ஓடுதுன்னு பார்க்கறதில்லை. "டிசிசி இருக்கா? சவுண்டு இருக்கா?" இருந்தா சூப்பர், இல்லைன்னா காயலான் கடை. இதுக்குப் பேரு விமர்சனமாம்!

தெரியாதவங்களுக்கு: சாதா மாடலில் தண்டவாளத்து வோல்டேஜைக் கூட்டினா வேகம், துருவத்தை மாத்தினா ரிவர்ஸ். ரெண்டு இன்ஜின் நின்னா ரெண்டும் சேர்ந்தே ஓடும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்பவும் முழு வோல்டேஜ்; கட்டளையும் அதிலேயே பிட் பிட்டாகப் போகும். பாதித் துடிப்பு 58 மைக்ரோசெகண்ட் என்றால் ஒன்று, 100 போல நீண்டால் பூஜ்யம். தன் முகவரிக்கு வந்ததை மட்டும் கேட்டு உள்ளே இருக்கும் டிகோடர் மோட்டாரை ஓட்டும். அருமையான சங்கதி. பொட்டி தட்டுற எனக்குப் பிடிக்காம போகுமா?

ஆனா பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தா டிகோடர் என்ன செய்யும்? நல்ல டிகோடர், மோட்டார் திருப்பித் தரும் வோல்டேஜை அளந்து இழுவையைச் சமாளிக்கும்தான். அதாவது நோயை மறைக்கும். மோட்டார் சூடாகிற வரைக்கும்.

என் கதையும் அதான். செகண்ட் ஹேண்டில் ஒரு ஹெச்ஓ ஆல்கோ டீசல் வாங்கி, நேரா டிகோடரைச் சொருகினேன். மோட்டார் முனை ஒன்று உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தது. ஒரு நொடி, புகை. அரை மாச மெஸ் பில் அவுட் :-(

நமக்கு ஊரு ஆரணிப் பக்கம் திருமலை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லைன்னா தூக்காது. 1804லேயே வந்த ஒன்று-பூஜ்யம்! அந்த அட்டைக்குப் பதிலா கம்ப்யூட்டரே வச்சாலும் பாவு சரியில்லைன்னா புடவை கோணல்தான். தறிக்காரங்க முதல்ல பாவைத்தான் பார்ப்பாங்க. இன்ஜினியரிங் படிச்ச எனக்குத்தான் அது உறைக்கலை.

அதனால வரிசை இதுதான்:

1. முதல்ல வெறும் டிசியில் அரைமணி, ரெண்டு பக்கமும் ஓட்டுங்க.
2. ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டையா ஊர்ந்து போகுதா பாருங்க. திக்கினா சக்கரத்தையும் பல்லையும் சுத்தம் பண்ணுங்க.
3. மோட்டாரின் ரெண்டு முனையும் சட்டத்தைத் தொடலைன்னு மல்டிமீட்டரில் உறுதி பண்ணுங்க.
4. 12 வோல்ட்டில் சக்கரத்தை ஒரு நொடி பிடிச்சு நிறுத்தி ஆம்பியர் அளங்க. அதைத் தாங்கற டிகோடரையே வாங்குங்க.
5. மாட்டினதும் முதல்ல புரோகிராமிங் டிராக்கில் வைங்க. அங்கே கரண்ட் கம்மி. தப்பு இருந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும்.

இன்னொரு கூத்து. ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மிமீ. அது 1435 மிமீ பாதைக்கான அளவு. நம்ம அகலப்பாதை 1676. 87ஆல் வகுத்தா 19.3 மிமீ வரணும். நம்ம டபிள்யூடிஎம்-2 மாடலை ஏறக்குறைய 3 மிமீ ஒடுக்கமான பாதையில் ஓட்டறோம். அதுக்கு யாரும் மூச்சு விடலை. ஹாரன் சத்தம் இல்லைன்னா மட்டும் பஞ்சாயத்து!

பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020ல் 20லிருந்து 60 சதவீதமாகவும், 2023ல் 70 ஆகவும் ஏத்தினாங்க. ஸ்கேல் மாடலும் அதே தலைப்பில்தான் வருது. இந்த விலைக்கு வாங்கி, புதுசா சேர்றவன் முதல் நாளே புகை பார்த்தா திரும்பி வருவானா?

சவுண்டு அப்புறம் கேட்கலாம். முதல்ல வண்டி ஓடட்டும்.