ஓடிய நிரல் சான்று ஆகாது

மணப்பாட்டிலிருந்து வடக்கே போகும் கடற்கரைச் சாலையில் முதலில் குலசேகரப்பட்டினம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஊர். அதையும் தாண்டினால் கல்லாமொழியில், தலா 660 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளுடன் உடன்குடி அனல்மின் திட்டம். இரட்டை அலகு என்றால் பம்பு, விசிறி, வால்வு எல்லாம் ஜோடி ஜோடியாக வரும். இத்தகைய ஆலைகளின் கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.க்கு நிரல் எழுதுவோரிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: முதல் அலகில் ஓடிய நிரலைக் காப்பி எடுத்து எண்ணை மட்டும் மாற்றினால் போதும், புதிதாக எழுதினால்தான் பிழை வரும் என்று. இது தவறு, ஆபத்தும்கூட.

ஒரு நிரல் ஓடியது என்றால், எந்தக் கருவிகளோடு, எந்த அளவுகளுக்குள் ஓடியதோ அங்கே சரியாக இருந்தது என்றுதான் பொருள். இடம் மாறும்போது அந்தச் சான்று கூடவே வருவதில்லை. இதற்கு ராக்கெட் உலகிலேயே உதாரணம் உண்டு. 1996 ஜூன் 4 அன்று கிளம்பிய, ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட்டின் திசையறி கருவியில், ஏரியன்-4இல் குறையின்றி வேலை செய்த மென்பொருளையே வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிக அதிகம். 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் கணினி நின்றுபோனது. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதுவும் நின்றது. சுமார் 40 விநாடியில் ராக்கெட்டோடு நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன. இதில் பொறுக்க முடியாதது, பிழை நேர்ந்த அந்தப் பகுதிக்கு ஏரியன்-5 கிளம்பிய பிறகு வேலையே இல்லை என்பதுதான். பழையதில் இருந்தது, விட்டுவைத்தார்கள்.

ஆலையில் இதுவே சத்தமில்லாமல் நடக்கும். இரண்டாம் பம்பின் நிரலை மூன்றாவதற்கு ஒட்டியவர் ஆறு இடத்தில் எண்ணை மாற்றி, ஏழாவதை விட்டுவிடுகிறார். மூன்றாம் பம்பைத் தானாக நிறுத்த வேண்டிய டிரிப், இரண்டாம் தொட்டியின் லெவல் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தினால் பம்பு ஓடும், நிற்கும். திரையில் குறையே தெரியாது. தன் தொட்டி வற்றும் நாளில் மட்டும் நிற்காமல் ஓடிக் கெடும். தேடி மாற்றும் வசதி இருக்கிறதே என்பார்கள். பி1 என்பதைத் தேடி பி2 என்று மாற்றச் சொன்னால், பி10கூட பி20 ஆகிவிடக்கூடும். சோதனையில் பிடித்துவிடலாம் என்பார்கள். ஓட்டிப் பார்ப்பதில் இது பிடிபடாது. ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, எந்தப் பம்பு நிற்கிறது என்று பார்த்தால்தான் பிடிபடும். காப்பிதானே என்ற நம்பிக்கை முதலில் வெட்டுவதே அந்தச் சோதனையைத்தான்.

நேரம் இல்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. கமிஷனிங் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. அதற்கு வழியும் உண்டு. 1993இல் வெளிவந்த ஐ.இ.சி. 61131-3 தரநிலையிலேயே ஃபங்ஷன் பிளாக் இருக்கிறது. பம்புக்கான தர்க்கத்தை ஒருமுறை எழுதி, ஒவ்வொரு பம்புக்கும் அதையே அழைத்து, அதனதன் டேக்குகளை, அதாவது சுவிட்ச், வால்வு போன்றவற்றின் பெயர்களை, மட்டும் கொடுக்கலாம். அங்கும் தவறான டேக்கைக் கொடுத்துவிட முடியும். ஆனால் சரிபார்க்க வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் கண்ணெதிரே நிற்கும். திருத்தமும் ஒருமுறை செய்தால் போதும். ஆலைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: முதல் அலகில் இப்படிச் சுவிட்சு தட்டிப் பார்த்த இன்டர்லாக் சோதனையைக் காட்டி இரண்டாம் அலகுக்குக் கையெழுத்துக் கேட்டால், போடாதீர்கள்.