தேய்ந்த சுவிட்சும் பெயரில்லாப் பொதியும்

2025 ஜனவரியில் அரசின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கிய கையோடு பொலிஸார் வீதிக்கு வந்து, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டியிருந்த மேலதிக விளக்குகளையும் ஹோர்ன்களையும் அலங்காரங்களையும் கழற்றவைத்தார்கள். உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்தபின் அவகாசம் கிடைத்தது. அடுத்த மாதமே, 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. புது பிக்கப்பின் விலையைக் கேட்ட யாழ் குடாநாட்டு விவசாயியும் மீன் வியாபாரியும் பழையதைத்தான் தொடர்ந்து ஓட்டப்போகிறார்கள். ஆகவே நம் வாசகர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: திறப்பு சுவிட்ச் தேய்ந்த பழைய பிக்கப்பில் பூட்டப்படும் ஸ்டார்ட் பட்டனும் அனுமதியற்ற மாற்றம்தானா?

எங்கள் பதில்: ஆம். சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வேலையின் கண்கொண்டு பார்த்தாலும் அந்தப் பட்டனுக்கு நியாயம் இல்லை.

பட்டன் மாற்றுவது ஸ்டார்ட் முனையை மட்டும். ஓன் நிலையில் மின்சாரத்தைச் சுமக்கும் தேய்ந்த கொன்டாக்ட் உள்ளே அப்படியே இருக்கிறது. குழியில் விழுந்தெழும்பும்போது டீசல் பம்பின் கட்-ஓஃப் சொலனொயிட்டுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிடுவதும், ஓடும் வண்டியை நடுவீதியில் நிறுத்துவதும் அந்தக் கொன்டாக்ட்தான். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதால் வாடிக்கையாளர் பழுது தீர்ந்தது என்று நம்புகிறார். ஆபத்தான பாதி தீரவில்லை. இதற்கு மேல், பற்றறியிலிருந்து பியூஸ் இல்லாமல் இழுத்த வயர் தகட்டில் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கும். இஞ்சின் ஓடும்போதே யாராவது பட்டனை அழுத்தினால் ஸ்டாட்டர் பினியனும் ரிங் கியரும் பல்லுக்குப் பல் அரைபடும். பூட்டையே கழற்றிவிட்ட வண்டிக்குக் களவிலிருந்தும் காவல் இல்லை.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. முதலில் பூட்டின் பரல் தேய்ந்ததா, பின்னால் திருகாணியில் நிற்கும் மின் சுவிட்ச் தேய்ந்ததா என்று பிரித்துப் பாருங்கள். ஓன் நிலையில் திறப்பு கையோடு கழன்று வந்தால் பரல் போய்விட்டது. அதைத் தள்ளிப்போடவே கூடாது. ஸ்டியரிங் லொக் எந்த வளைவில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. திறப்பை ஆட்டும்போது டாஷ் விளக்குகள் மினுங்கினால் சந்தேகம் மின் சுவிட்சில். ஹைலக்ஸ் போன்ற ரொயோட்டா வண்டிகளில் ஏஎம்2 முனைக்கும் எஸ்டி2 முனைக்கும் மீற்றரை வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அந்தச் சுவிட்ச் முடிந்தது. ஏஎம்1 – ஐஜி1, ஏஎம்2 – ஐஜி2 இணைகளையும் ஓன் நிலையில் லோட் கொடுத்து அளக்காமல் விடாதீர்கள்.

ஊர்காவற்றுறை, வேலணை, மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கத்து வண்டிகளில் சுவிட்சைக் குற்றம் சொல்லுமுன் சொக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பித்தளை முனைகள் பச்சை பூத்து, சூடேறிப் பிளாஸ்டிக் கருகியிருக்கும். அதே சொக்கெட்டில் புதுச் சுவிட்சைப் பூட்டினால் அதுவும் சூட்டில் கெடும். சுவிட்சை மாற்றியபின் ஸ்டாட்டர் சொலனொயிட்டின் சுமையை பியூஸ் போட்ட 30 அம்பியர் ரிலேக்கு மாற்றிக் கொடுங்கள். வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, பூட்டுத் திறப்பு எல்லாம் கோத்த கொத்தை வண்டித் திறப்பிலிருந்து கழற்றும்படி உரிமையாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

திறப்புக் கொத்தின் பாரம் என்ன செய்யும் என்பதற்கு உலகமறிந்த சாட்சி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ். அந்த நிறுவனத்தின் செவ்ரலே கோபால்ட், சற்றேர்ன் அயோன் முதலிய சிறிய கார்களில் சுவிட்சைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் பலம் குறைந்திருந்தது. ஒரு குலுக்கலிலோ கொத்தின் பாரத்திலோ திறப்பு ஓனிலிருந்து அக்சசரிக்கு நழுவும். இஞ்சின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும், மோதும் கணத்தில் காற்றுப்பையும் விரியாது. 2014 பெப்ரவரியில் மீளழைப்புத் தொடங்கி, 26 இலட்சம் கார்கள் வரை விரிந்தது. நட்டஈட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015 செப்டெம்பரில் இது தொடர்பான குற்ற வழக்கைத் தீர்க்க நிறுவனம் 90 கோடி டொலர் கட்ட இணங்கியது.

நம் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பாடம் அதே வழக்கில் இருக்கிறது. 2006இல் அந்தச் சுவிட்ச் திருத்தி வடிவமைக்கப்பட்டது. ஆனால் பாகத்தின் இலக்கம் மாற்றப்படவில்லை. கெட்ட சுவிட்சும் நல்ல சுவிட்சும் ஒரே இலக்கத்தோடு களஞ்சியத்தில் கிடந்தன. எது எதுவென்று கராஜ்காரனால் அறிய முடியவில்லை. பழுதின் வேரை விசாரணையாளர்கள் கண்டுபிடிக்க ஆண்டுகள் பிடித்ததற்கும் இது ஒரு காரணம்.

அங்கே இலக்கம் ஒன்றாவது இருந்தது. இங்கே நமக்குக் கிடைப்பது என்ன? கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து பார்சலில் வரும் பொதியில் செய்தவரின் பெயர் இல்லை, நாடு இல்லை, இலக்கம் இல்லை. ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு சுவிட்சுகளைப் பிரித்தால் ஒன்றில் தடித்த பித்தளை, மற்றதில் பூச்சுப் போட்ட மெல்லிய தகடு. ஜெனுவின் என்று வாயால் சொல்வார்கள், பில்லில் எழுதமாட்டார்கள். சுவிட்ச் எரிந்தால் பழி பூட்டியவன் தலையில். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் தொடர்ந்து எழுதிவருகிறோம். இனியும் எழுதுவோம்.

இந்த நாட்டில் இதைத் திருத்த அதிகாரம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பொருளின் பொதியில் என்ன எழுத வேண்டும் என்று வியாபாரிக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுத்திருக்கிறது. அரிசியின் உச்ச விலைக்காகக் கடை கடையாக ஏறுகிறார்கள், அது நல்லது. உயிரைச் சுமக்கும் உதிரிப்பாகத்தின் பொதியையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க என்ன தடை? வருமான அனுமதிப்பத்திரத்துக்கு 2008இலிருந்து புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். புகைக்குழாயை அளக்கத் தெரிந்த அரசுக்கு ஸ்டியரிங் லொக்கின் நிலை கண்ணில் படவில்லையா? அலங்கார விளக்கையும் பாதுகாப்பு ரிலேயையும் ஒரே சொல்லால் 'மாற்றம்' என்று அழைக்கும் சோதனையில், தெரிந்து வேலை செய்தவனும் தெரியாமல் செய்தவனும் ஒரே தண்டப்பணத்தைக் கட்ட நேரும்.

பட்டன் எங்கிருந்து வந்தது என்பதையும் அதிகாரிகள் நினைத்துப் பார்க்கட்டும். 1990இல் அரசின் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்தபோது எரிபொருளோடு பற்றறியும் உதிரிப்பாகமும் குடாநாட்டுக்கு வராமல் போயின. பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் ஓடவைத்தவர்கள் நம் மூத்த மெக்கானிக்குகள். 2006 ஓகஸ்டில் குடாநாட்டுக்கு வரும் ஏ9 தரைப்பாதை மறுபடி மூடப்பட்டது. பாகம் இல்லாத இடத்தில் வயரை நேரே இழுப்பதுதான் வழி என்று ஒரு தலைமுறை கற்றது. அந்தப் பழக்கத்தை இன்று குற்றமாகக் காணும் அரசு, அன்று பாகம் கிடைக்காமல் செய்ததும் தானே என்பதை மறக்கலாகாது. தடை நீங்கிய பின்னும் சீரான பாகம் வடக்கைத் தேடி வரவில்லை. மிஞ்சியதும் மட்டமானதும்தான் வருகிறது.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் எது திருத்தம், எது மாற்றம் என்று பட்டியலிட்டுத் தமிழிலும் வெளியிடட்டும். பொதியில் செய்தவர் பெயரும் நாடும் பாக இலக்கமும் இல்லாத மின் உதிரிப்பாகம் விற்பனைக்கு வைக்கப்படலாகாது என்று நுகர்வோர் அதிகார சபை பணிக்கட்டும். நம் பங்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இன்றிலிருந்து ஸ்டார்ட் பட்டன் கேட்டு வருபவருக்கு இல்லை என்று சொல்லுங்கள். பெயரில்லாப் பொதியைக் கடைக்கே திருப்பி அனுப்புங்கள். பூட்டிய பாகத்தின் பெயரையும் இலக்கத்தையும் உங்கள் பில்லில் எழுதி, கையொப்பமிட்டுக் கொடுங்கள்.