நண்பகல் நேரத்து மயக்கமும் நம்மவர் கருத்தும்

வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜுமுஆத் தொழுகையும் அதனைத் தொடர்ந்த பிரியாணி விருந்தும் முடிந்த பின்னர், நம் விடுதிக் கூடத்துத் தொலைக்காட்சியில் மாணவர்கள் ஒரு திரைப்படம் கண்டனர். தமிழ்த்துறை ஆசிரியர் இருவரும், கல்லூரிப் பணிகளில் நெடுங்காலம் தோள்கொடுத்து வரும் ஹாஜியார் ஒருவரும் உடனிருந்தோம். பேய்ப்படம் என்று எவரோ சொல்லி வைத்திருந்தமையால் கூடம் நிறைந்திருந்தது. அரைமணி நேரத்தில் பின்வரிசை கலைந்தது. நடுவரிசையில் சிலர் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டனர். படம் முடிந்ததும் இளங்கலை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதிலே பேய் எங்கே?" என்று வினவினார். கூடம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த முதுகலை மாணவர் இருவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று தொடங்கிய வழக்கு இரவு உணவு வரை நீண்டது. அவ்வழக்கில் என் தரப்பை எழுத்தில் வைக்குமாறு துறைத்தலைவர் பணித்ததால் இக்கட்டுரை எழுந்தது.

படத்தின் பெயர் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது, எஸ்.ஹரீஷ் திரைக்கதை எழுதியது. மம்முட்டி தாமே தயாரித்து நடித்தது. மலையாளப் படம் எனினும் அதன் பெரும்பகுதியில் ஒலிப்பது தமிழே. கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளிகளின் வண்டி நண்பகலில் தமிழ்நாட்டுச் சாலையொன்றில் வருகிறது. உள்ளிருப்போர் அனைவரும் உறங்குகின்றனர். தமிழ்ப் பாட்டையும் தமிழ்ச் சாப்பாட்டையும் அதுவரை குறைகூறி வந்த ஜேம்ஸ் திடீரென வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார்; மக்காச்சோளக் காட்டினூடே நடந்து முன்பின் அறியாத ஓர் ஊருக்குள் நுழைகிறார்; ஒரு வீட்டிற்குள் போய்க் கைலியை எடுத்து உடுத்துகிறார். அவ்வீட்டுக்குரிய சுந்தரம் என்பவன் ஈராண்டுகளுக்கு முன் காணாமற் போனவன். இவர் இப்போது சுந்தரமாகவே பேசுகிறார், மாட்டுக்குத் தீனி வைக்கிறார், ஊராரை உரிமையோடு விளிக்கிறார். மறுநாள் நண்பகலில் ஓர் உறக்கம். விழிக்கும்போது அவர் மீண்டும் ஜேம்ஸ். வண்டி புறப்படுகிறது.

அந்த ஊர்க் காட்சிகள் நம் மாவட்டத்துப் பழனிப் பக்கத்தில் எடுக்கப்பட்டவை. ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் அண்டை மாவட்டத்தவர். எனவே அந்த வெயிலும், ஓட்டு வீடும், ஆளரவமற்ற நடுத்தெருவும் நாம் நாளும் காண்பவை. ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் பேருந்தில் போனவருக்கு அந்தச் சோளக்காட்டைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

படம் 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த 27ஆம் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. இடம் கிடைக்காதோர் எதிர்ப்புக் குரல் எழுப்புமளவுக்கு அங்கே கூட்டம். பார்வையாளர் வாக்களித்துத் தேர்ந்த சிறந்த படமும் அதுவே. 2023 ஜனவரி 19 அன்று திரையரங்குகளுக்கு வந்தபோதோ மக்கள் இரு கூறாயினர். உள்ளம் கரைந்தோம் என்றனர் சிலர். உறங்கிப் போனோம் என்றனர் சிலர். 2022ஆம் ஆண்டுக்கான கேரள மாநில விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் ஆகிய இரண்டையும் பெற்ற பின்னரும் அவ்வழக்கு தீர்ந்தபாடில்லை. நம் விடுதிக் கூடத்திலும் அதே இரு கூறுதான்.

பேயைத் தேடிய மாணவரை நான் குறைகூற மாட்டேன். அவர் வளர்ந்த காலம் அத்தகையது. 'முனி' 2007இல் வந்தது, 'காஞ்சனா' 2011இல், 'அரண்மனை' 2014இல். அவற்றின் அடுத்தடுத்த பாகங்களை எண்ணி முடிப்பதற்குள் விரல்கள் போதாமற் போகும். இப்படங்களில் பேய்க்கு ஒரு கணக்கு உண்டு. அதனைக் கொன்றவர் யார், பழி தீர்ந்ததா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கிடைத்ததும் பார்வையாளர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இந்தப் படமோ சுந்தரம் இறந்தானா இருக்கிறானா என்பதையே சொல்வதில்லை. பிறகெங்கே பேய்?

இவ்விடத்தில் ஓர் இடைச்செருகல். 1993இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' என்னும் மலையாளப் படத்தில் நாயகியைப் பற்றும் நாகவல்லி தஞ்சையிலிருந்து வந்த ஆடல்மகள். அவள் பேசுவது தமிழ். அக்கதை 2005இல் தமிழில் 'சந்திரமுகி' ஆனபோது ஆவி தெலுங்கு பேசிற்று. முப்பதாண்டு கழித்து மலையாளி ஜேம்ஸின் வாயில் மீண்டும் தமிழ். ஒவ்வொரு மொழியாரும் தம் ஆவியை அண்டை வீட்டு மொழியில் பேசவிடுவது ஏன் என்பது ஒப்பிலக்கிய மாணவர் எவரேனும் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளத்தக்க பொருள். பேய் தமிழ் பேசுகிறதே என்று நாம் மனம் நோக வேண்டியதில்லை. நாகவல்லி அச்சமூட்டத் தமிழ் பேசினாள்; சுந்தரமோ பசிக்கிறது என்று சொல்லவும் பக்கத்து வீட்டாரை நலம் கேட்கவும் தமிழ் பேசுகிறான்.

ஹாஜியார் எழுப்பிய தடை வேறு வகையானது. "தம்பி, ரூஹ் உடலை விட்டுப் போனால் பர்ஸக், அதைத் தாண்டித் திரும்பி வர வழி ஏது? இல்லாத ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்றார். கொள்கையளவில் அவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயின் இப்படம் ஆவி உண்டென்று எவர்க்கும் போதிக்கவில்லை. ஜேம்ஸுக்கு நேர்ந்தது நோயா, கனவா, நடிப்பா என்பதைக்கூட அது திறந்தே வைத்திருக்கிறது. அவர் நாடகக் குழுவை நடத்துபவர் என்பதையும் மறத்தலாகாது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் பாடமாக நடத்தும்போது பேயை நம்புகிறோமா என்று யாரும் நம்மைக் கேட்பதில்லையே என்றேன். "அது கதை, இது கண்முன்னே நடக்கிறது" என்று ஹாஜியார் மறுத்தார். அம்மறுப்பில் சிறிது உண்மை உண்டென்பதை ஒப்புகிறேன்.

இனி, பெரும்பாலோரை உறங்கவைத்த அந்த மெதுநடைக்கு வருவோம். அசையாத சட்டகங்கள். ஒரு வீட்டின் முகப்பை நெடுநேரம் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னணியில் பழைய தமிழ்ப்படப் பாட்டும் வசனமும் எங்கோ ஒலித்தபடி இருக்கின்றன. சுந்தரத்தின் தாய்க்குக் கண்பார்வை இல்லை. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அவற்றைச் செவியால் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "ஒன்றுமே நடக்கவில்லை" என்பது மாணவர் புகார். ஆம், ஒன்றும் நடக்கவில்லை. காணாமற் போனவன் வீட்டில் என்ன நடக்கும்?

தமிழ்த்துறை மாணவர் இப்படத்தின் தலைப்பையாவது நின்று படித்திருக்கலாம். நண்பகல் எந்தத் திணைக்குரிய சிறுபொழுது? பாலைக்கு. பாலையின் உரிப்பொருள் பிரிவு. வேனிலும் நண்பகலும் கூடிய பொழுதில் தலைவன் பிரிந்து போகிறான். அப்பிரிவுக்குத் தொல்காப்பியர் தனி நிலம்கூட ஒதுக்கவில்லை. வீட்டில் ஆற்றியிருக்கும் தலைவியின் ஒழுக்கமோ முல்லை. அதற்குரிய பொழுது மாலை. கார்காலம் வந்தால் அவன் வருவான் என்ற உறுதி அவளுக்கு உண்டு. சுந்தரத்தின் மனைவிக்கு அந்த உறுதியும் இல்லை. முல்லைக்குரியவள் பாலையின் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். மயக்கம் என்ற சொல்லையும் நாம் தலைச்சுற்றல் என்றே கொண்டுவிட்டோம். இலக்கணத்தில் அது கலத்தலைக் குறிக்கும்: மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணை மயக்கம். திணைகள் தம்முள் மயங்கலாம், நிலம் மட்டும் நிலத்தோடு மயங்காது என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை. ஜேம்ஸ் சுந்தரத்தோடு மயங்குகிறார். மலையாளம் தமிழோடு மயங்குகிறது. இறுதியில் நிலம் தன்னிடத்தே நிற்க, வண்டி மேற்கே போகிறது. இயக்குநர் இவற்றையெல்லாம் கருதித்தான் பெயர் வைத்தார் என்று சாதிக்க மாட்டேன். பெயர் அவருடையது, அதைப் படிக்கும் உரிமை நம்முடையது.

இவ்வளவும் துறை சார்ந்த விளக்கம். உண்மையில் அப்படத்தை நான் இமைகொட்டாமல் கண்டதற்குக் காரணம் வேறு, அதனையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியம்மா ஒருவர் இருந்தார். அவர் கணவர், என் பெரியத்தா, தோல் வணிகத்தில் இருந்தவர். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் செழித்திருந்த நாளில் சரக்கு நிமித்தமாக வடக்கே போனவர் திரும்பவில்லை. மடலும் இல்லை, மையித்தும் இல்லை. நான் சிறுவனாக அவ்வீட்டில் வளர்ந்தபோதே அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. லுஹர் தொழுதபின் பெரியம்மா திண்ணையில் வந்து அமர்வார். தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடக்கும். பெரியத்தாவின் கைலிகள் இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை துவைக்கப்பட்டு மீண்டும் பெட்டிக்குள் போகும். கணவர் மறைந்தார் என்று தெரிந்திருந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து, துக்கத்தை ஓர் எல்லைக்குள் வைத்து, பின்னர் வேறு வாழ்வை எண்ணியிருக்கலாம். இத்தா எந்த நாளில் தொடங்குவது? அவர் சுமங்கலியா, கைம்பெண்ணா என்று அக்கம்பக்கத்தார் தமக்குள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்ததுண்டு.

காணாமற் போன கணவனை நம் ஃபிக்ஹு நூல்கள் மஃப்கூத் என்னும். ஹனஃபி மரபின் பழைய தீர்ப்பின்படி, அவன் வயதொத்தோர் மறையும் காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டும். இதிலுள்ள இன்னலை உணர்ந்த ஹனஃபி அறிஞர்களே, நான்காண்டு எல்லை வகுத்த மாலிக்கித் தீர்ப்பை 1930களில் ஏற்றனர். அதன் பயனாக 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், நான்காண்டுகள் கணவனின் இருப்பிடம் தெரியாதவள் மணமுறிவு கோரலாம் என்றது. அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. தீர்ப்பு வந்த பின்னும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து தன் கடமையை நிறைவேற்ற ஆயத்தமாக இருப்பதாக மன்றத்தின் முன் மெய்ப்பித்தால் தீர்ப்பு நீங்கிவிடும். சட்டம் எழுதியோரும் கதவை முழுதாகச் சாத்த அஞ்சியிருக்கிறார்கள்! எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான சாட்சியச் சட்டமோ, ஏழாண்டுகள் செய்தியே இல்லாதவனை இறந்தவனாகக் கொள்ளலாம் என்கிறது.

படத்தில் சுந்தரம் போய் ஈராண்டு. நான்கும் ஆகவில்லை, ஏழும் ஆகவில்லை. அந்த இடைவெளியில் ஒரு நண்பகலில் எவரோ ஒருவர் வந்து கைலியை எடுத்து உடுத்துகிறார். அவர் வேற்றாள் என்பது அவ்வீட்டார்க்குத் தெரியும். தெரிந்தும் அடித்து விரட்ட அவர்களுக்குக் கை எழவில்லை. என் பெரியம்மாவின் வீட்டில் அப்படி ஒருவர் நுழைந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பெரியம்மா முதலில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டிருப்பார். அதன்பின் என்ன செய்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

காத்திருப்பின் நேரத்தை வேகமாகக் காட்ட இயலுமா? இயலும், நாட்காட்டித் தாள்கள் பறப்பதாகக் காட்டினால் போதும். நம் படங்கள் காலங்காலமாக அப்படித்தான் செய்துவந்தன. லிஜோ அதைச் செய்யாமல், நம்மையும் அத்திண்ணையில் உட்காரவைக்கிறார். அது சிலர்க்கு வலிக்கும், சிலர்க்கு உறக்கம் வரும். உறங்கியவர்கள் கலையுணர்வு அற்றவர்கள் என்று முதுகலை மாணவர் ஒருவர் சொன்னது தவறு. அவர்கள் வீட்டில் எல்லோரும் இரவுக்குள் திரும்பி வந்துவிடுகிறார்கள் போலும். அவர்களுக்கு அந்நலம் நீடிக்கட்டும்.

படத்தில் எனக்கும் மனக்குறை உண்டு. சுந்தரத்தின் மனைவியை நாம் காண்கிறோமேயன்றிக் கேட்பது குறைவு. ஊர் ஆண்கள் கூடிக் கூடிப் பேசுகின்றனர். வண்டியில் வந்தோரும் பேசுகின்றனர். எவள் வீட்டில் இது நிகழ்ந்ததோ அவளிடம் உன் கருத்து யாது என்று கேட்பார் அரியர். அவள் முகத்தைக் காட்டினால் போதும் என்று இயக்குநர் எண்ணியிருக்கலாம். எனக்குப் போதவில்லை. ஜேம்ஸின் மனைவியும் அதே ஊரில், கண்ணெதிரே கணவரை இழந்து ஓரிரவைக் கழிக்கிறாள். இவ்விரு பெண்களும் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றை மனம் நாடிற்று. அது இருந்திருந்தால் பின்வரிசை மாணவர்களில் சிலரேனும் இருந்து பார்த்திருப்பர் என்பது என் எண்ணம்.

ஹாஜியார் இன்னும் என்னோடு ஒத்துவரவில்லை. ஆயினும் பெரியத்தாவின் பெயரை நான் சொன்னபோது, அவரைத் தாம் இளமையில் பேட்டைப் பக்கம் கண்டதுண்டு என்று சொல்லி, நெடுநேரம் அவர் நடையுடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். படத்தை மறுமுறை திரையிட வேண்டுமென்று முதுகலை மாணவர்கள் கேட்டிருக்கின்றனர். இம்முறை பிரியாணிக்குப் பின் வேண்டாம், இஷாத் தொழுகைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம் என்று விடுதிக் காப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன்.