பழைய பெட்டியும் பதினைந்தாயிரம் ரூபாயும்



காலேஜில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் என்றாவது ஒரு நாள் இந்த விண்ணப்பம் வந்தே தீரும்: "என் கம்ப்யூட்டர் கிழமாகி விட்டது. புது ஆட்டம் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. வேறு வாங்கித் தா, அம்மா!" அப்பா கைபேசிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக் கொள்வார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

புதிதாக வாங்குவதென்றால் அரை லட்சத்துக்குக் குறையாது. முடியாது என்றாலோ பிள்ளையின் முகம் வாடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பழைய பெட்டியிலே எந்த உறுப்பு தளர்ந்திருக்கிறதோ, அதை மட்டும் மாற்றுவது. ஆனால், தளராத உறுப்பை மாற்றி விட்டால் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் போயே போய் விடும். வேகம் மட்டும் பழையபடியே இருக்கும். ஆகையால் பர்ஸைத் திறப்பதற்கு முன் நோய் இன்னதென்று பார்த்து விடுவோம்.

உங்கள் பெட்டி 2018-ல் வாங்கியது என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே ரைஸன் 3 1200 பிராஸஸர், 8 ஜி.பி. ராம், ஒரு ஹார்ட் டிஸ்க், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கிராபிக்ஸ் கார்டு. பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். எல்லாம் நம் அடுக்களை விவகாரம்தான். பிராஸஸர் என்பது சமையற்காரர். ராம் என்பது அவர் காய்கறி பரப்பும் மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். கிராபிக்ஸ் கார்டு என்பது கோலம் போடும் கை. சாதாரணத் திரையில் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். வினாடிக்கு அறுபது தடவை அத்தனை புள்ளிகளுக்கும் வர்ணம் இட்டு முடிக்க வேண்டும்!

முதற் காரியத்துக்குச் செலவு மிகக் குறைவு. மின்சார இணைப்பை எடுத்து விட்டு, பெட்டியைத் திறந்து தூசியை அகற்றச் சொல்லுங்கள். பிராஸஸரின் மேல் தடவியிருக்கும் பசை காய்ந்திருந்தால் புதிதாகத் தடவ வேண்டும். சூடு ஏறினால் யந்திரம் தன்னைக் காத்துக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். பாதி நோய் இதிலேயே தீருவதும் உண்டு.

பிறகு பரீட்சை. ஆட்டம் ஓடிக் கொண்டிருக்கையில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் வரும். ராம் நிரம்பி வழிந்து, டிஸ்க் நூறு சதவிகிதத்தில் திணறுகிறதா? மேடை போதவில்லை என்று அர்த்தம். அடுத்து, ஆட்டத்தில் படத்தின் அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் கிராபிக்ஸ் கார்டுதான் களைத்திருக்கிறது. கூடவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் பிராஸஸர்.

இனிச் செலவுக்கு வருவோம். பரணில் ஏறி இறங்குவதற்குப் பதில் கைக்கெட்டும் அலமாரி போன்றது எஸ்.எஸ்.டி. ஆட்டத்தின் வேகம் இதனால் அதிகம் கூடாது. ஆனால் பெட்டி விழித்தெழும் நேரமும், ஆட்டம் திறக்கும் நேரமும் வெகுவாகக் குறையும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எறிந்து விடாதீர்கள். கல்யாணப் படங்கள் அதிலேயே இருக்கட்டும். இன்னொரு பிரதி வேறிடத்திலும் இருக்கட்டும்.

ராம் ஒற்றைச் சில்லாக இருந்தால், அதே வகையில் இன்னொன்று சேர்த்து ஜோடியாக்குங்கள். இரண்டு வழியில் போக்குவரத்து நடக்கும். 2025 கடைசியில், செயற்கை அறிவுக்கான ராட்சத நிலையங்கள் மெமரியை வாரிக் கொண்டு போனதால் விலை கிடுகிடுவென்று ஏறியது. பழைய சில்லானாலும் பாதகமில்லை. டி.டி.ஆர்.3 வகை டி.டி.ஆர்.4 பலகையில் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெரிய கேள்வி இதுதான்: மிச்சப் பணம் பிராஸஸருக்கா, கார்டுக்கா? அந்தப் பெட்டியிலே நீங்கள் பாங்குக் கணக்கும் பார்ப்பவரானால், பிராஸஸருக்கே என் ஓட்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்று விட்டன. விண்டோஸ் 11 ஏற்றுக் கொள்ளும் பட்டியலில் ரைஸன் 3 1200 இல்லை. 2022-ல் வந்த ரைஸன் 5 5600 இருக்கிறது. ஏ.எம்.4 பலகைகள் பலவற்றில் அது அப்படியே உட்காரும். ஆனால் உங்கள் பலகை அந்தப் பட்டியலில் உண்டா என்று தயாரிப்பாளரின் விவரத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பழைய பிராஸஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்து விட வேண்டும். நடுவே கரண்டு போனால் பலகையே பாழாகலாம், யு.பி.எஸ். இருப்பது நல்லது.

இன்டெல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2017-ன் ஏழாம் தலைமுறைப் பலகையில் எட்டாம் தலைமுறைப் பிராஸஸர் பொருந்துவது போல் உட்காரும். ஆனால் வேலை செய்யாது!

கிராபிக்ஸ் கார்டுதான் வேண்டும் என்றால், மின்சாரத்தைக் கவனியுங்கள். கார்டு செருகும் இடம் 75 வாட்தான் தரும். ஜி.டி.எக்ஸ். 1650 வகையில் பல, அதற்குள்ளேயே அடங்கி விடும். ஆர்.எக்ஸ். 580 போன்றது 185 வாட் கேட்கும். தனிக் கம்பியும் வேண்டும். பெயர் தெரியாத பழைய பவர் ஸப்ளையின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். இன்னொன்று: 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' போன்ற சில ஆட்டங்கள், ரே டிரேஸிங் வசதி இல்லாத இந்தக் கார்டுகளில் ஓடா.

பழைய கார்டை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, அடுத்த தெருவில் வாங்கினாலும் சரி, அரை மணி நேரம் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். இரவு பகலாகக் கிரிப்டோ நாணயம் தோண்டிக் களைத்த கார்டுகள், 2022 செப்டம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்ட பிறகு சந்தைக்கு நிறைய வந்தன. வேறு பெயர் சூட்டிய போலிகளும் உண்டு. பில்லும், திருப்பித் தர நாலு நாள் தவணையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. பரீட்சையைப் பிள்ளையே செய்யட்டும். எது தளர்ந்திருக்கிறது, என்ன வாங்க வேண்டும், மூன்று கடைகளில் என்ன விலை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு வரட்டும். சரியாக இருந்தால் பதினைந்தாயிரத்தையும் அவன் கையிலேயே கொடுத்து விடுங்கள். ஆட்டம் வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறதோ, அது போகட்டும். அளவான பணத்தை ஆராய்ந்து செலவழிக்கும் வித்தையை அவன் கற்றுக் கொள்வானே, அதற்கு அந்தத் தொகை அதிகமில்லை.